குப்பைப் பைக்குள் ஒரு பாட்டி... பாணில் ஓடும் ரயில்! - ஜப்பானின் கியூஷு தீவில் ஒரு சிரிப்புப் பயணம்

வீட்டுக்கு வெளியே குப்பை வண்டிக்காக ஒரு பெரிய பிளாஸ்டிக் பை காத்திருக்கிறது. உற்றுப் பார்த்தால், உள்ளே இருப்பது குப்பை இல்லை. ஒரு பாட்டி! 'என்னையும் தூக்கிப் போட்டுட்டாங்களே' என்பதுபோல நம்மைப் பார்க்கிறார்.

இன்னொரு படம். துணி காயப்போடும் கம்பியில் சட்டை, துண்டுகளோடு அதே பாட்டியும் தொங்குகிறார். அடுத்ததில் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிறார். வேறொன்றில் கார் மோதித் தரையில் விழுந்து கிடக்கிறார்.

'யாரோ ஒரு குறும்புக்காரப் பேரன் பாட்டியை வைத்து விளையாடியிருக்கிறான்' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் விஷயம் வேறு. இந்தப் படங்களை யோசித்தவர் பாட்டி. அதற்கேற்ப உடை உடுத்தி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ரிமோட்டை அழுத்தியவரும் பாட்டி. கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டவரும் அவரேதான்.

பெயர் கிமிகோ நிஷிமோட்டோ. ஊர், ஜப்பானின் தெற்கே இருக்கும் கியூஷு தீவில் உள்ள குமமோட்டோ. அதே ஊரில் பிறந்த இன்னொருவர், தட்சுயா தனாகா. அவர் பிரெட் துண்டை ரயிலாக்குவார், பிராக்கோலியைக் காடாக்குவார், அதைப் படம் பிடிப்பார். இவர்கள் இருவரையும் தெரிந்துகொள்ள அந்தத் தீவையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பூமி அடிக்கடி குலுங்குகிற, எரிமலை சாம்பலைத் தூவுகிற அந்த மண்ணில் சிரிப்பு எப்படி விளைகிறது? வாருங்கள், ஒரு சுற்று போய் வரலாம்.

கரடி ஒன்று அரசு அதிகாரி!

ஜப்பானின் நான்கு பெரிய தீவுகளில் தென்மேற்கே இருப்பது கியூஷு. அதன் வாசல், ஃபுகுவோகா நகரின் ஹகாட்டா ரயில் நிலையம். அங்கே புல்லட் ரயில் ஏறினால், வேகமான வண்டியில் 40 நிமிடத்துக்குள் குமமோட்டோ. அங்கிருந்து இன்னும் முக்கால் மணி நேரம் போனால், பாதையின் கடைசி நிலையமான ககோஷிமா.

குமமோட்டோவில் இறங்கியதும் உங்களை முதலில் வரவேற்பது ஒரு கறுப்புக் கரடி. இரண்டு சிவப்புக் கன்னங்கள், எப்போதும் ஆச்சர்யப்படுகிற கண்கள். பெயர் குமமோன். கடைப் பலகை, பிஸ்கட் டப்பா, கைக்குட்டை என எங்கு திரும்பினாலும் அதுதான். புல்லட் ரயில் வரப்போகிறது என்பதற்காக 2010-ல் உருவாக்கிய விளம்பரப் பொம்மை அது. பிறகு மாகாண அரசே அதற்கு 'விற்பனைப் பிரிவுத் தலைவர்' பதவி கொடுத்துவிட்டது.

2013-ல் ஒரு கூத்து நடந்தது. குமமோனின் சிவப்புக் கன்னம் இரண்டும் காணாமல் போய்விட்டன! மாகாண ஆளுநரே பத்திரிகையாளர்களை அழைத்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, 'கன்னத்தைக் கண்டுபிடிக்க உதவுங்கள்' என்று கேட்டுக்கொண்டார். எல்லாம் விளம்பரம்தான். தக்காளி, ஸ்ட்ராபெர்ரி போன்ற குமமோட்டோவின் சிவப்பான விளைபொருள்களை விற்பதற்கான உத்தி. ஒரு ஆளுநர் கரடியின் கன்னத்துக்காக மைக் முன்னால் உட்காருகிறார் என்றால், அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று புரிந்திருக்கும்.

இந்த ஊரில்தான் நம் பாட்டியும் வாழ்ந்தார்.

72 வயதில் முதல் கிளிக்

கிமிகோ பிறந்தது 1928-ல், பிரேசில் நாட்டில். பிழைப்புத் தேடி ஜப்பானியர்கள் அங்கே போன காலம் அது. எட்டு வயதில் குடும்பத்தோடு தாய்நாடு திரும்பினார். இளம் வயதில் அழகு நிலையம் நடத்தினார். அதன் பிறகு அவர் செய்ததுதான் யாரும் எதிர்பாராதது. சைக்கிள் பந்தய வீராங்கனை ஆகிவிட்டார்!

'கெய்ரின்' என்பது ஜப்பானில் மக்கள் பணம் கட்டிப் பார்க்கும் சைக்கிள் பந்தயம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கியது. பெண்களுக்கான பந்தயம் 1949-லிருந்து 1964 வரை நடந்தது. அந்தக் குறுகிய காலத்தில் மிதித்தவர்களில் கிமிகோவும் ஒருவர். 27 வயதில் திருமணம், பிறகு மூன்று பிள்ளைகள். சைக்கிள் ஓரம்போனது, வீடு முன்னால் வந்தது. அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகள் நம் ஊர் அம்மாக்களின் கதையேதான்.

72 வயதில் அவருடைய மூத்த மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் போய் உட்கார்ந்தார். அதற்கு முன் கேமராவில் அவருக்குப் பழக்கம் இல்லை. இரண்டு வருடம் கழித்து, 74 வயதில் கம்ப்யூட்டரில் படங்களைத் திருத்தக் கற்றுக்கொண்டார். தன்னையே படம் எடுப்பது வகுப்பில் தந்த ஒரு பயிற்சி. மற்றவர்கள் அழகாகத் தலைவாரி உட்கார்ந்திருக்கலாம். கிமிகோவுக்கோ அதில் சுவாரஸ்யம் இல்லை. சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒரு மூலையை ஸ்டூடியோ ஆக்கிக்கொண்டார். 2011-ல், 82 வயதில், குமமோட்டோவில் முதல் தனிக் கண்காட்சி. அடுத்த ஆண்டு கணவர் காலமானார். பாட்டி கேமராவை மூட்டை கட்டி வைத்துவிடவில்லை. 2017 டிசம்பரில் டோக்கியோவில் இன்னொரு கண்காட்சி. அதற்கு அவர் வைத்த பெயர் 'அசோபோகானே'. 'விளையாடலாமா?' என்பதை குமமோட்டோ வட்டார வழக்கில் அப்படிச் சொல்வார்கள். 89 வயதில் நகரத்துக்காரர்களை அழைத்து, 'விளையாட வர்றீங்களா?' என்று கேட்டிருக்கிறார்! 2018-ல் இன்ஸ்டாகிராமில் நுழைந்தார். லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள்.

2025 ஜூன் மாதம், 97 வயதில் கிமிகோ விடைபெற்றார். கேமராவோடு அவர் வாழ்ந்தது கால் நூற்றாண்டு.

யார் கையில் பட்டன்?

அந்தக் குப்பைப் பை படத்துக்கு மறுபடி வருவோம். சிரித்து முடித்ததும் உள்ளே எங்கோ சுருக்கென்று குத்துகிறது, இல்லையா? வயதானவர்களைக் குப்பை போல ஒதுக்கும் காலத்தில் இது என்ன விளையாட்டு என்று ஒரு கணம் கோபம்கூட வரலாம்.

ஜப்பானில் ஒரு பழங்கதை உண்டு. வயதாகிவிட்ட தாயை மகன் முதுகில் சுமந்துபோய் மலையில் விட்டுவிட்டு வருவான். இதை வைத்து எடுத்த 'நரயாமா' திரைப்படம் 1983-ல் கான் விழாவின் உயரிய விருதை வென்றது. இன்றைய ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். முதியவர்களை யார் பார்த்துக்கொள்வது, எப்படிச் செலவு செய்வது என்பதெல்லாம் அங்கே தினசரிப் பேச்சு. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு பாட்டி குப்பைப் பைக்குள் உட்கார்ந்தால், அது வெறும் வேடிக்கையாக மட்டும் இருக்க முடியாது.

ஆனால் அந்தப் பைக்குள் அவரை யாரும் திணிக்கவில்லை. அவரே போய் உட்கார்ந்தார். 'என்னைப் பற்றி நீங்கள் இப்படித்தானே நினைக்கிறீர்கள்? நானே காட்டுகிறேன், பாருங்கள்' என்கிறது படம். நாம் கேலி செய்யும் முன்பே அவர் கேலி செய்துவிட்டார். நமக்கு மிச்சம் இருப்பது அவரோடு சேர்ந்து சிரிப்பது மட்டும்தான்.

நம் வீட்டையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாத்தா போனைத் தலைகீழாகப் பிடித்துப் பேசுவதை, பாட்டி ஆங்கில வார்த்தையை மாற்றிச் சொல்வதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். பாசத்தில்தான் போடுகிறோம். ஆனாலும் அங்கே பட்டன் நம் கையில் இருக்கிறது. எதைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்களும் நாம்தான். கிமிகோவின் படத்தில் சிரிப்பு அதேதான். பட்டன் மட்டும் கை மாறியிருக்கிறது. ஒரே படம் அவமானமாகவும் ஆகலாம், கொண்டாட்டமாகவும் ஆகலாம். எது என்பதைத் தீர்மானிப்பது அந்த பட்டன்தான்.

இன்னொன்றையும் கவனித்தால் தெரியும். அவர் படங்களில் ஆபத்துகள் எல்லாம் முதுமையின் நிஜமான பயங்கள். விழுந்துவிடுவோமோ, வண்டி மோதிவிடுமோ, வேண்டாதவளாக ஆகிவிடுவோமோ. ஒவ்வொன்றையும் அவர் வாசலுக்கு அழைத்து, வேஷம் கட்டி, லைட் போட்டு, 'ரெடி' சொல்லிப் படம் எடுத்துவிடுகிறார். பயத்துக்கே ஒப்பனை போட்டுவிட்டால், அது அப்புறம் எப்படிப் பயமுறுத்தும்?

ஒற்றைக் கால் கோட்டை

குமமோட்டோ நகரின் நடுவே நிற்கிறது அதன் கோட்டை. 1607-ல் கட்டி முடிக்கப்பட்டது. கட்டியவர் கட்டோ கியோமசா என்ற படைத்தலைவர். அடியில் சாய்வாகத் தொடங்கி, மேலே போகப்போகச் செங்குத்தாக வளையும் கல் சுவர்கள் இதன் பெருமை. ஏறி வரும் எதிரி பாதியில் சறுக்கிவிடுவான்.

எதிரியைத் தடுத்த சுவரால் பூமியைத் தடுக்க முடியவில்லை. 2016 ஏப்ரல் 14 இரவு ஒரு நிலநடுக்கம். 'முடிந்தது' என்று மக்கள் மூச்சுவிட்டபோது, 16-ம் தேதி அதிகாலை அதைவிடப் பெரியது, ரிக்டர் அளவில் 7-க்கும் மேல். வீடு இடிந்தும் மண் சரிந்தும் 50 பேர் இறந்தார்கள். அகதி முகாம் வாழ்க்கையின் அலைச்சலிலும் நோயிலும் பின்னர் இறந்தவர்கள் அதைவிடப் பல மடங்கு.

கோட்டைச் சுவர்கள் பல இடங்களில் சரிந்தன. அப்போது ஒரு காட்சி உலகம் முழுக்கப் பரவியது. இய்டாமாரு என்ற காவல் மாடத்தின் கீழே இருந்த சுவர் முழுக்கக் கொட்டிப்போய், மூலையில் இருந்த ஒரே ஒரு கல் அடுக்கு மட்டும் மிச்சம். மேலே இருந்த கட்டடத்தின் மூலையை அந்த ஒற்றை அடுக்கு தாங்கி நின்றது! கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிய படமோ என்று சந்தேகப்படும்படி இருந்தது. நிஜமே கற்பனையைத் தோற்கடித்த படம் அது.

அந்த நாள்களில் குமமோன் என்ன செய்தது தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. ஊரைச் சிரிக்க வைக்கும் கரடி சுமார் மூன்று வாரம் வெளியே வரவேயில்லை. பிறகு மே 5, ஜப்பானில் குழந்தைகள் தினம். அன்று பாதிக்கப்பட்ட பகுதிகளுக்குப் போய்க் குழந்தைகளின் முன்னால் நின்றது. பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். எப்போது சிரிக்கக் கூடாது என்று தெரிந்தவர்களுக்குத்தான் எப்போது சிரிக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கோட்டையின் நடுக் கோபுரம் 2021-ல் சீராகித் திறந்தது. முழுக் கோட்டையும் பழைய நிலைக்கு வர 2052 வரை ஆகுமாம். காரணம் கேட்டால் அசந்துபோவீர்கள். விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, அது முன்பு எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் வைக்கிறார்கள். அந்த இடம் எப்படித் தெரியும்? நிலநடுக்கத்துக்கு முன் எடுத்த பழைய புகைப்படங்களைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யாரோ எப்போதோ எடுத்த படங்கள், இன்று கல்லுக்கு முகவரி சொல்கின்றன.

ஒன்றைக் காட்டி இன்னொன்றைப் பார்ப்பது

கோட்டையிலிருந்து டிராம் ஏறினால் சுய்சென்ஜி தோட்டம். 1924-லிருந்து ஓடும் டிராம் இது. அவசரமே படாது. தோட்டத்தின் தொடக்கம் 1636. உள்ளே தெளிந்த நீர்க் குளம், கரையில் பச்சைப் புல் போர்த்திய கூம்பு வடிவக் குன்று ஒன்று. பார்த்ததும் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும், 'ஃபியூஜி மலை!' பழைய காலத்தில் டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே நடந்து போகும் நெடுஞ்சாலையின் 53 தங்குமிடங்களை இந்தத் தோட்டத்துக்குள் சுருக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த நெடும் பயணம் போக முடியாதவர், குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும்.

இப்படி ஒன்றை இன்னொன்றாகப் பார்ப்பதற்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் 'மிதாதே'. வாரி விட்ட வெள்ளை மணலைக் கடலாகப் பார்ப்பது மிதாதே. 'ரகுகோ' என்ற கதை சொல்லும் கலையில், மெத்தையில் உட்கார்ந்த கலைஞர் கையிலிருக்கும் விசிறியை மடக்கிக் குச்சிகளாக்கி நூடுல்ஸ் உறிஞ்சுவதும் மிதாதேதான். நம் பிள்ளைகள் கொட்டாங்கச்சியில் மண் நிரப்பி 'இட்லி வெந்துடுச்சு' என்பார்களே, அதேதான். நாம் அதைப் பத்து வயதோடு விட்டுவிடுகிறோம். அவர்கள் அதைக் கலையாக வளர்த்துவிட்டார்கள்.

அந்தக் கலையைக் கேமராவுக்குள் கொண்டுவந்தவர்தான் தட்சுயா தனாகா. 1981-ல் குமமோட்டோவில் பிறந்தவர். படித்தது, வேலை பார்த்தது, இப்போது வாழ்வது எல்லாம் ககோஷிமாவில். ரயில் ஏறுவோமா?

கையசைத்த ஊர்கள்

இந்த ரயில் பாதைக்கே ஒரு கதை இருக்கிறது. ஹகாட்டாவிலிருந்து ககோஷிமா வரை முழுப் பாதையும் திறக்க நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னோட்டமாக 2011 பிப்ரவரியில் ஒரு விளம்பரம் எடுத்தார்கள். 'ரயில் போகும்போது வெளியே வந்து கையசையுங்கள், படம் பிடிக்கிறோம்' என்று அறிவிப்பு. ஆயிரக்கணக்கானோர் வந்துவிட்டார்கள். மொட்டை மாடியில், வயல் வரப்பில், பாலத்தின் மேலே, வேஷம் போட்டு, பதாகை பிடித்து, குதித்துக் குதித்துக் கையசைத்தார்கள். ஓடும் ரயிலிலிருந்து எடுத்த அந்தப் படம், ஒரு தீவே சேர்ந்து அடித்த கும்மாளம்.

பாதை திறந்த நாள் 2011 மார்ச் 12. அதற்கு முதல் நாள்தான் வடக்கே பெரும் சுனாமி. விழாக்கள் ரத்து. விளம்பரத்தையும் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் இணையத்தில் அதைத் தேடித் தேடிப் பார்த்தார்கள் ஜப்பானியர்கள். துக்க வீட்டில் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது போல.

அதற்கு ஐந்து வாரம் கழித்து, ஏப்ரல் 20 அன்று, தனாகா தன் 'மினியேச்சர் காலண்டர்' வரிசையின் முதல் படத்தை வெளியிட்டார்.

எரிமலை எதிர்வீட்டுக்காரர்

ககோஷிமாவில் இறங்கிக் கடற்கரைக்கு வந்தால், நேர் எதிரே புகைவிட்டுக்கொண்டு நிற்கிறது சகுராஜிமா எரிமலை. இடையே சில கிலோமீட்டர் கடல்தான். சுமார் 6 லட்சம் பேர் வாழும் நகரம் இந்தப் பக்கம், உயிருள்ள எரிமலை அந்தப் பக்கம். படகில் 15 நிமிடம்.

இங்கே வானிலை அறிக்கையில் மழை, வெயிலோடு சாம்பல் எந்தப் பக்கம் பறக்கும் என்றும் சொல்வார்கள். மழை இல்லாத நாளிலும் குடை விரியும். வாசலில் விழுந்த சாம்பலைக் கூட்டி அள்ளுவதற்கென்றே மாநகராட்சி மஞ்சள் பைகளைக் கொடுக்கிறது. எரிமலை அடிவாரத்துப் பிள்ளைகள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அந்த எரிமலை மண்ணில் ஒரு முள்ளங்கி விளைகிறது. பூசணிக்காய் போல உருண்டையாக இருக்கும். 2003-ல் ஒன்று 31.1 கிலோ எடை இருந்து கின்னஸில் ஏறியது. அதே மண்ணில் மிகச் சிறிய ஆரஞ்சும் காய்க்கிறது. முள்ளங்கி குழந்தை எடையைத் தாண்டுகிறது, ஆரஞ்சு உள்ளங்கையில் ஒளிந்துகொள்கிறது. பொருள்களின் அளவோடு விளையாடும் ஒரு கலைஞர் இந்த ஊரில் இருப்பதில் ஆச்சர்யம் என்ன?

எரிமலையின் கிழக்குப் பக்கம் குரோகாமி என்ற கிராமம். அங்கே கோயில் வாசல் ஒன்று, இடுப்பளவே தெரிகிறது. மூன்று மீட்டர் உயரமாக இருந்த தோரண வாயில் அது. 1914-ல் எரிமலை பெரிதாக வெடித்தபோது கக்கிய சாம்பலும் கல்லும் அதை மூடிவிட்டன. மேலே ஒரு மீட்டர்தான் மிச்சம். தோண்டி எடுக்கலாம் என்றபோது, 'வேண்டாம், நடந்தது என்னவென்று வரப்போகிறவர்களுக்குத் தெரியட்டும்' என்று அப்படியே விட்டுவிட முடிவு செய்தார் அன்றைய ஊர்த் தலைவர். இன்று சுற்றுலாப் பயணிகள் அதன் பக்கத்தில் நின்று பூதம் போலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிரிப்பதும் நினைவுகூர்வதும் அங்கே ஒரே இடத்தில் நடக்கிறது.

2 சென்டிமீட்டர் மனிதர்கள்

தனாகாவின் படங்களில் வரும் மனிதர்கள் சுமார் 2 சென்டிமீட்டர் உயரம். பொம்மை ரயில் அமைப்பவர்கள் பிளாட்பாரத்தில் நிற்க வைப்பதற்காக விற்கும் பொம்மைகள் அவை. நிஜ அளவில் 87-ல் ஒரு பங்கு. அவர்களைச் சமையலறையிலும் எழுதும் மேசையிலும் கொண்டுபோய் விடுகிறார். அவ்வளவுதான், உலகம் மாறிவிடுகிறது.

பிராக்கோலி, காடு. நீல நிற ஜீன்ஸ் துணி, அலையடிக்கும் கடல். நீளமான பிரெட் ஒன்று புல்லட் ரயிலாகிப் பிளாட்பாரத்தில் நிற்கிறது. அந்தப் படத்தின் தலைப்பும் ஒரு சிலேடை. புல்லட் ரயிலுக்கு ஜப்பானிய மொழியில் 'ஷின்கான்சென்'. பிரெட்டுக்கு 'பான்'. இரண்டையும் சேர்த்து 'ஷின்பான்சென்' என்று பெயர் வைத்தார். ஈழத்துத் தமிழர்களுக்கு இந்தச் சிலேடை உடனே பிடிபடும். அவர்களும் பிரெட்டை 'பாண்' என்றுதானே சொல்கிறார்கள்! போர்த்துகீசியர்கள் கப்பலில் கொண்டுவந்த அதே சொல், ஜப்பானிலும் இறங்கியது, யாழ்ப்பாணத்திலும் இறங்கியது.

ஒரு நாளைக்கு ஒரு படம். 2011 ஏப்ரலிலிருந்து விடாமல். 5,000-ஐத் தாண்டிவிட்டது. 2017-ல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே-வின் காலை நெடுந்தொடர் 'ஹியோக்கோ'வுக்கு டைட்டில் காட்சிகளை இந்தப் பாணியில் உருவாக்கிக் கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாகிவிட்டார். கொரோனா காலத்தில் உலகம் வீட்டுக்குள் அடைந்தபோது, முகக்கவசமும் டாய்லெட் பேப்பரும் அவர் கையில் விளையாட்டுப் பொருள்கள் ஆயின. கடைகளில் அடித்துப் பிடித்து வாங்கிய சாமான்களைப் பார்த்து மக்கள் சிரிக்க முடிந்தது.

அவர் படங்களில் ஒரு ரகசியம் உண்டு. பிராக்கோலியை அவர் மறைப்பதே இல்லை. 'இது பிராக்கோலி' என்று நமக்கு நன்றாகத் தெரியும். 'இது காடு' என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மனம் பிடித்துக்கொள்ளும்போது வருவதுதான் அந்தச் சிரிப்பு. முழுதாக ஏமாற்றியிருந்தால் 'அட!' என்று சொல்லிவிட்டுக் கடந்திருப்போம்.

பாட்டியின் படங்களும் அப்படித்தான். அவர் பறக்கவில்லை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் பறக்கிறார். ஒருவர் பொருள்களைப் புதிதாகப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர், 'இவ்வளவுதான் இந்தக் கிழவி' என்று நாம் முடிவுகட்டி வைத்திருந்த ஒரு மனுஷியையே புதிதாகப் பார்க்க வைத்தார். இரண்டுக்கும் வெளியூர் போகத் தேவையில்லை. தனாகாவுக்கு ஒரு மேசை, கிமிகோவுக்கு வீடும் வாசலும்.

கொழுக்கட்டையும் கிடைக்கும்!

கியூஷு போக வாய்ப்புக் கிடைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குமமோட்டோவின் பிரபலமான உணவு, குதிரை இறைச்சி. பச்சையாகவே பரிமாறுவார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். நமக்கு ஒத்துவருவது 'இகினாரி டாங்கோ'. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வில்லையும் இனிப்புப் பயறு விழுதும் மாவுக்குள் வைத்து ஆவியில் வேக வைத்தது. பார்த்தால் நம் பூரணக் கொழுக்கட்டைக்கு அக்கா போல இருக்கும். 'இகினாரி' என்றால் 'திடீரென்று'. சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்குச் சட்டென்று செய்து கொடுப்பதாம். தாமரைத் தண்டின் துளைகளில் கடுகு விழுதை அடைத்துப் பொரித்த 'கராஷி ரென்கோன்' மூக்கு வரை ஏறும். சகுராஜிமாவுக்குப் படகு ஏறும் முன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் நல்லது.

போக முடியாதவர்களுக்கும் குறையில்லை. இருவரின் படங்களும் இன்ஸ்டாகிராமில் இருக்கின்றன. பார்த்துச் சிரித்த பிறகு, இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யலாம். பிள்ளைகளிடம் சின்னப் பொம்மை ஒன்றைக் கொடுத்து, இட்லித் தட்டு எந்த ஊர் என்று கேளுங்கள். பனி மலை என்பார்கள், விண்கலம் என்பார்கள், நாம் நினைக்காத ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள்.

அப்புறம் போனை பாட்டி கையில் கொடுத்து, 'உங்களை எப்படிப் படம் எடுக்கணும், நீங்களே சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். 'எனக்கு எதுக்குடா படம்' என்றுதான் முதலில் சொல்வார். விடாதீர்கள். ஜப்பானியப் பாட்டி துடைப்பத்தில் பறக்கும் படத்தைக் காட்டுங்கள். கொஞ்ச நேரம் பார்ப்பார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, 'நம்ம வீட்டுத் துடைப்பம் எங்க?' என்று கேட்டாலும் கேட்பார்.